எடுக்காமல் விட்ட மூன்று டிக்

பெரியபட்டினத்தில் ஒரு கல்யாணம் முடிவானால், மண்டபத்துக்குச் சொல்லிவிடும் முன்னாலேயே மெஹருன்னிசாவுக்குச் சொல்லிவிடுவார்கள். பத்திரிகை மேட்டரைத் தமிழில் அடித்துக் கொடுக்கிறவள் அவள்தான். ராமநாதபுரத்தில் அச்சகங்களுக்கா பஞ்சம்? ஆனால் அங்கே கொடுத்தால் மாப்பிள்ளையின் வாப்பா பெயரைப் பெண்ணின் வாப்பாவுக்குப் போட்டுவிடுவார்கள். ஒரு தடவை அப்படிப் போட்டு, இரண்டு வீடும் முறைத்துக்கொண்டு நின்ற கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும். மெஹருன்னிசா அடித்தால் ஒரு புள்ளி பிசகாது. பிளஸ் டூ படித்தவள், நாற்பத்தோரு வயது, விசைப்பலகையைக் குனிந்து பார்க்காமலே தட்டுவாள். இந்தச் சாமர்த்தியம் அத்தனையும் அவளுக்குக் கற்றுக் கொடுத்தது அவள் கணவன் நுஃமான்.

நுஃமான் கத்தாருக்குப் போனபோது ஒரு கட்டுமானக் கம்பெனி ஆபீசில் டீ கொடுக்கும் வேலை. டீயைக் கொடுத்துவிட்டுச் சும்மா வராமல், ஒவ்வொரு மேசைக்குப் பின்னாலும் கொஞ்ச நேரம் நின்று திரையைப் பார்த்துவிட்டு வந்த ஆள். பார்த்துப் பார்த்தே கம்ப்யூட்டர் படித்து, எட்டாவது வருடம் அதே ஆபீசில் காகிதக் கணக்கெல்லாம் பார்க்கிற டாக்குமெண்ட் கண்ட்ரோலராக உட்கார்ந்துவிட்டான். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் அவன் ஊரில் இருந்த நாளையெல்லாம் சேர்த்தால் மூன்று வருடம் தேறாது. பிள்ளை இல்லை. ஊர் வாயைக் கேட்கவா வேண்டும்? அவனுடைய அக்கா தாஜுன்னிசாவே ஒரு லீவில் இன்னொரு நிக்காஹ் பேச்சை மெல்ல எடுத்தாள். "லாத்தா, இன்னொரு தரம் இந்தப் பேச்சு வந்துச்சு, நான் ஊருக்கே வரமாட்டேன்" என்று சோற்றுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனான். அதற்கப்புறம் அந்தப் பேச்சு அந்த வீட்டில் எழவில்லை.

நாலு வருடத்துக்கு முந்திய லீவில் அவன் கொண்டுவந்த லேப்டாப்தான் அவர்கள் இரண்டு பேருக்கும் வீடு என்று சொல்ல வேண்டும். அதில் ஒரு மென்பொருள் போட்டு வைத்திருந்தான். இவள் ஒன்பது எண்ணைச் சொல்லி, வந்து நிற்கிற பெட்டியில் சம்மதம் கொடுத்தால் போதும், தோஹாவில் இருந்தபடியே இவள் திரையில் அவன் வேலை செய்யலாம். வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. ஜும்மா தொழுது, சாப்பிட்டுவிட்டு, அங்கே ஒன்றரை மணிக்குக் கூப்பிடுவான். இங்கே நாலு மணி. காதில் அவன் குரல், கண் முன்னால் அவன் அசைக்கிற அம்புக்குறி. எதைத் தட்டுவதாக இருந்தாலும் முதலில் அதை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் தட்டுவான்.

"என்ன மச்சான், கண்ணேறு கழிக்கிறீங்களா?" என்பாள் இவள்.

"சிரி, சிரி. அவசரமாத் தட்டுனவன்தான் அப்பறம் உக்காந்து அழுவான்" என்பான் அவன்.

அவனுக்கு ஓசி மென்பொருள்மேல் அப்படியொரு சந்தேகம். "ஓசியில வாரவன் ஒத்தையா வரமாட்டான் மெஹரு. கூட நாலு பேர இழுத்துக்கிட்டு வருவான். வாசல்ல நிக்கிறப்பவே பாத்து நிறுத்திறணும், உள்ள வந்துட்டான்னா சோறு கேப்பான், பாய் கேப்பான்" என்று சொல்லிச் சொல்லியே காட்டிக் கொடுப்பான். பச்சையாகப் பெரிசாக 'டவுன்லோட்' என்று கூப்பிடுகிற பொத்தான் விளம்பரம், நிஜமானது கீழே பொடி எழுத்தில் கிடக்கும். நிறுவும்போது ஒவ்வொரு பக்கத்தையும் படிக்க வேண்டும். இடையில் ஒரு பக்கத்தில் ஏற்கெனவே டிக் அடித்த கட்டங்கள் இருக்கும், அதையெல்லாம் எடுத்துவிட்டுத்தான் 'நெக்ஸ்ட்' தட்ட வேண்டும். ஒவ்வொரு டிக்கையும் இரண்டு சுற்றுச் சுற்றி அவன் எடுப்பதற்குள் இவள் டீ போட்டுக் குடித்து முடித்திருப்பாள்.

பிரௌசரைத் திறந்தால் முதலில் வருகிற பக்கமாகத் தோஹா நேரம் காட்டும் கடிகாரத்தை வைத்துக் கொடுத்திருந்தான். ஊரில் விடிந்து இவள் லேப்டாப்பைத் திறக்கும்போது அங்கே இன்னும் இருட்டு. 'தூங்குறாக' என்று நினைத்துக்கொண்டு வேலையை ஆரம்பிப்பாள்.

போன ஜனவரி பத்தொன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை. அச்சகத்திலிருந்து ஒரு கல்யாண மேட்டர் வந்திருந்தது. பழைய எழுத்துருவில் அடித்தது, இவள் லேப்டாப்பில் திறந்தால் ஒரே கொக்கியும் கோடுமாகத் தெரிந்தது. பழைய எழுத்துருவைப் புதுசாக மாற்றித் தரும் ஓசி மென்பொருள் ஒன்று வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை கொடுக்கக் கிளம்புகிறார்கள், மஃரிபு தொழுகைக்குள், பொழுது சாயுமுன் கொடுத்தால்தான் அச்சேறும் என்று அச்சகத்துக்காரர் நிமிஷத்துக்கு ஒரு தடவை போன் அடிக்கிறார். நாலு மணிக்கு நுஃமான் கூப்பிட்டான். சாப்பிட்டீர்களா என்றுகூட இவள் கேட்கவில்லை. "மச்சான், சீக்கிரம், சீக்கிரம்" என்றுதான் ஆரம்பித்தாள். அவன் அன்றைக்குச் சரியாகப் பேசவில்லை. மென்பொருளை இறக்கி, நிறுவி, "முடிஞ்சிருச்சு மெஹரு, நீ வேலையப் பாரு" என்றான். அவ்வளவுதான், போனை வைத்துவிட்டான். ஸலாம் சொல்லவில்லை. பத்தொன்பது வருடத்தில் ஸலாம் சொல்லாமல் அவன் போனை வைத்தது அதுதான் முதல் தடவை.

அன்றைக்கு ராத்திரியே லேப்டாப்பில் கோளாறு ஆரம்பித்தது. தோஹா கடிகாரம் காணாமல் போய், கேள்விப்படாத ஏதோ ஒரு தேடுபக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒன்றைத் தேடினால் வேறொன்று திறந்தது. மூலையில் 'உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்' என்று சிவப்பாக ஒரு பெட்டி எட்டிப் பார்த்தது. அவசரத்தில் தானே எதையோ தட்டித் தொலைத்துவிட்டோம் என்றுதான் மெஹருன்னிசா நினைத்தாள். இது வேறு தெரிந்தால் இன்னும் கோபப்படுவாரே என்று பயம். சனிக்கிழமை காலையில், "மச்சான், நேத்து அவசரப்படுத்திட்டேன்னு கோவமா?" என்று குரலைப் பதிந்து அனுப்பினாள். அவன் அதைக் கேட்டுவிட்டான் என்று போன் காட்டியது. பதில் வரவில்லை.

ஞாயிறு விடியற்காலையில் அவன் அறையில் கூட இருந்த உசாமாவிடமிருந்துதான் போன் வந்தது. தூங்கினவர் எழுந்திருக்கவில்லை, நெஞ்சு அடைத்துவிட்டதாக டாக்டர் சொல்கிறார் என்றான். உடம்பை ஊருக்கு அனுப்ப ஒரு வாரமாவது ஆகும், மய்யித்தை அத்தனை நாள் காக்க வைக்க வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்லி, அங்கேயே அடக்கினார்கள். மெஹருன்னிசா முகம் பார்க்கவில்லை. உசாமா அனுப்பிய படத்தில் ஒரு மண்மேடு தெரிந்தது. அவ்வளவுதான் அவளுக்குக் கிடைத்தது.

கணவன் மவுத்தானால் நாலு மாதம் பத்து நாள் இத்தா. வெள்ளைச் சேலை, வீட்டுக்குள்ளேயே இருப்பு, அந்நிய ஆண் கண்ணில் படக் கூடாது. அந்த நாலு சுவருக்குள் மெஹருன்னிசாவுக்கு வேறு நினைப்பே ஓடவில்லை. கோபத்தோடு போய்விட்டாரா, என்னைப் பொறுத்துக்கொள்ளாமலே போய்விட்டாரா? கணவன் மனம் கோணி மவுத்தாகிவிட்டால் அந்தப் பெண் யாரிடம் போய் மாப்புக் கேட்பது? சொல்லுங்கள். தாஜுன்னிசாவோ எரிகிற அடுப்பில் இன்னும் இரண்டு விறகை வைத்தாள். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளும் தம்பிக்குப் போன் போட்டிருக்கிறாள். 'இப்பப் பேச முடியல லாத்தா, அப்பறம் பேசுறேன்' என்று வைத்துவிட்டானாம். "என் தம்பி எங்கிட்ட அப்புடிப் பேசுனதே இல்ல. என்னத்தையோ சொல்லி நீ அவன் மனச நோகடிச்சிருக்க" என்றாள்.  மெஹருன்னிசாவே அதைத்தானே நம்பிக்கொண்டிருந்தாள்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா. சொந்தக்காரப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் உள்கட்டில் கூடியிருந்தார்கள். நுஃமான் பிரௌசரில் குறித்து வைத்திருந்த யாசீன் சூரா ஓதல் பக்கத்தைப் போடலாம் என்று மெஹருன்னிசா அன்றுதான் லேப்டாப்பைத் திறந்தாள். நாற்பது நாளாக மூடிக் கிடந்த பெட்டி. அந்தப் பக்கத்தைத் தட்டினாள். யாசீன் வரவில்லை. திரை முழுக்க அரைகுறை உடுப்பில் ஒருத்தி சிரித்தாள், காசு விளையாட்டு விளம்பரம், டமடமவென்று பாட்டு. மூடினால் இன்னொன்று திறந்தது, அதை மூடினால் வேறொன்று. முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மெஹருன்னிசா லேப்டாப்பை மூடி, மடியில் வைத்து, அதன்மேல் கவிழ்ந்துகொண்டாள்.

"பாத்தியா, பாத்தியா! இந்தக் கண்ட குப்பையையும் உள்ள விட்டு வச்சிருக்கியே, இதப் பாத்துத்தான் அவன் மனசு வெறுத்துப் போனான்" என்று தாஜுன்னிசா எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்தாள். "நாளைக்கே கடையில குடு. ஃபார்மட் அடிச்சித் தொடச்சுத் தரட்டும்."

"குடுக்க மாட்டேன்" என்றாள் மெஹருன்னிசா. நாற்பது நாளில் அவள் குரல் உயர்ந்தது அன்றைக்குத்தான். ஃபார்மட் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். அவன் அடுக்கி வைத்த ஒவ்வொன்றும் போய்விடும், லேப்டாப் கடையில் வாங்கினதுபோல் வெறுமையாகிவிடும்.

கடைசியில் தாஜுன்னிசாதான் இறங்கி வந்தாள். வாய்தான் அப்படி, மனசு கெட்டவள் இல்லை. ராமநாதபுரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் நாகநாதனுக்கு அவளே போன் செய்தாள். உத்தரகோசமங்கைக்காரர், நுஃமானுக்கு நெடுநாள் சிநேகம். ஆனால் இத்தாவில் இருக்கிற பெண் முன்னால் ஆம்பளை எப்படி வந்து உட்காருவது? லேப்டாப்பை வெளியே கொடுக்க இவளுக்கும் மனசில்லை. பேசிப் பேசி ஒரு வழி கண்டார்கள். அறை வாசலில் கனத்த திரை, திரைக்கு அந்தப்பக்கம் வராந்தாவில் நாகநாதன், இந்தப்பக்கம் மெஹருன்னிசாவும் லேப்டாப்பும், நடுவில் நாற்காலி போட்டுத் தாஜுன்னிசா. அவர் சொல்லச் சொல்ல இவளே செய்ய வேண்டியது. மறுநாள் வெள்ளிக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு நாகநாதன் வந்துவிட்டார்.

"தங்கச்சி, நாகநாதன் வந்திருக்கேன். நுஃமான் பாய் போனதுக்கு என்ன சொல்றதுன்னே எனக்குத் தெரியல. வேலைய மட்டும் பாக்குறேன், ஏதும் நெனச்சுக்காதீங்க" என்றார். 

"சொல்லுங்கண்ணே, செய்யிறேன்."

"ஃபார்மட்டெல்லாம் வேணாம், பயப்படாதீங்க. மொதல்ல நெட்ட அத்து விடுங்க. வெளியாளு இருக்குற வீட்டுல கதவத் தொறந்து போட்டுக்கிட்டு அவன வெரட்ட முடியாதுல்ல. அந்தச் செவப்புப் பெட்டி என்ன சொன்னாலும் அதத் தொடாதீங்க, ரத்துன்னு எழுதியிருந்தாக்கூட தொடப்படாது. அது எங்க தொட்டாலும் சம்மதம்னு எடுத்துக்கிரும்."

அவர் சொன்னபடி மூன்று விசையைச் சேர்த்து அழுத்தி, ஓடிக்கொண்டிருந்த பிரௌசரை அடியோடு நிறுத்தினாள். பிறகு கண்ட்ரோல் பேனலுக்குள் போய், லேப்டாப்பில் போட்டிருக்கும் மென்பொருள்களின் பட்டியலைத் திறந்தாள். நீளமான பட்டியல், எல்லாம் இங்கிலீஷ். எது வேண்டியது எது வேண்டாதது என்று அவளுக்குப் புரியவில்லை.

"பேர வச்சுக் கண்டுபுடிக்க முடியாது தங்கச்சி, எல்லாம் நல்ல பேராத்தான் வச்சிருப்பானுக. மேல தேதின்னு ஒரு தலைப்பு இருக்கு பாருங்க, அதத் தட்டுங்க. புதுசா வந்ததெல்லாம் மேல ஏறி வந்து நிக்கும். தேதிதான் ஆளக் காட்டிக் குடுக்கும்."

தட்டினாள். பட்டியல் ஒரு புரட்டுப் புரண்டது. மேலே நாலு பெயர்கள் வந்து நின்றன. ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டி வாசித்தாள். முதலாவது எழுத்துரு மாற்றுகிற மென்பொருள். மற்றதில் ஒன்று தேடுகிற பட்டை, ஒன்று லேப்டாப்பை வேகமாக்குகிறேன் என்று சொல்வது, ஒன்று தள்ளுபடி காட்டுவது. நாலுக்கும் ஒரே தேதி, ஜனவரி பத்தொன்பது.

"அன்னைக்கு இவ பண்ணுன வேலைதான். நான் சொல்லல?" என்று தாஜுன்னிசா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஆமாண்ணே, அவசரத்துல நாந்தான் எங்கயாச்சும் தட்டியிருப்பேன்" என்றாள் மெஹருன்னிசா.

"இருங்க, இருங்க. டவுன்லோட்ஸ்னு ஒரு இடம் இருக்குல்ல, அதத் தொறங்க. அன்னைக்குத் தேதியில எத்தன எறக்கியிருக்கு?"

பார்த்தாள். "ஒண்ணுதாண்ணே இருக்கு. எழுத்து மாத்துறது மட்டும்."

"அப்ப நீங்க எதையும் தட்டலம்மா. மத்த மூணும் தனியா வரல, அந்த ஒண்ணுக்குள்ளருந்துதான் வந்திருக்கு. நிறுவுறப்ப எடையில ஒரு பக்கம் வரும், மூணு டிக் இருந்திருக்கும். அத எடுக்காம அப்புடியே நெக்ஸ்ட், நெக்ஸ்ட்டுன்னு குடுத்திருக்காங்க. யாரு போட்டது அத?"

 "அவுக" என்றாள் மெஹருன்னிசா. "அங்கனருந்து அவுகதான் போட்டுக் குடுத்தாக."

"நுஃமான் பாயா?" நாகநாதன் சிரித்தே விட்டார். "இருக்காது தங்கச்சி. என் கடையில நான் ஒரு தரம் டிக்க எடுக்காம விட்டுட்டேன்னு அரை மணி நேரம் எனக்குப் பாடம் எடுத்த மனுசன். செத்தாலும் அவரு ஒரு டிக்க..."

சொல்ல வந்ததை நிறுத்திவிட்டார். 

அப்போதுதான் அவளுக்கு அந்தப் பக்கம் ஞாபகம் வந்தது. வெள்ளைப் பெட்டி. அதில் ஒன்றன் கீழ் ஒன்றாக மூன்று கட்டம், மூன்றிலும் டிக். அம்புக்குறி வழக்கம்போல முதல் டிக்கிடம்தான் போனது, போய் ஒரு சுற்றுச் சுற்றியது. இரண்டாவது சுற்றைத் தொடங்கி, பாதியில் நின்றுவிட்டது. நின்றது நின்றதுதான், ஒரு நிமிஷத்துக்கு மேல் அசையவில்லை. நெட் நின்றுவிட்டது என்று இவள் நினைத்தாள். காதில் மூச்சுச் சத்தம் கேட்டது. அதையும் நெட் இரைச்சல் என்றே நினைத்தாள். 'என்ன மச்சான், பிரஸ்காரரு உசுர எடுக்குறாரு, சீக்கிரந்தான் போட்டு விடுங்களேன்' என்று இவள்தான் கத்தினாள். அம்புக்குறி நடுங்கியது. டிக்கை விட்டுவிட்டு, நேராகக் கீழே இறங்கி, சுற்றாமல், 'நெக்ஸ்ட்' தட்டியது. மறுபடி நெக்ஸ்ட், மறுபடியும். பிறகு அந்தக் குரல், 'முடிஞ்சிருச்சு மெஹரு, நீ வேலையப் பாரு.'

"அண்ணே, அவுக எடுக்கத்தான் போனாக" என்றாள் மெஹருன்னிசா. "மொத டிக்குக்கிட்டப் போயி நின்டுட்டாக. கை ஓடல அவுகளுக்கு. நான் நெட்டு நின்டுபோச்சுன்னு நெனச்சேன். சீக்கிரம் போடுங்கன்னு சத்தம் போட்டேன். நெஞ்சு வலி வந்திருச்சுண்ணே அவுகளுக்கு, அப்பவே வந்திருச்சு."

தாஜுன்னிசா நாற்காலியை விட்டுத் தரையில் வந்து உட்கார்ந்தாள். 

"மூச்சு வாங்குச்சு மெஹரு. எங்கிட்டப் பேசுனப்பவும் அவனுக்கு மூச்சு வாங்குச்சு. படியேறி வந்திருப்பான்னு நெனச்சேன் பாவி. கோவம்னு நாந்தானே சொன்னேன். நாப்பது நாளா உன்ன அந்தச் சொல்லால கொன்னுட்டேனே" என்று மெஹருன்னிசாவின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

மெஹருன்னிசாவுக்கு அது காதில் ஏறவில்லை. அவள் வேறொன்றைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை நாலு மணியிலிருந்து ஞாயிறு விடியற்காலை வரை. ஒன்றரை நாள். உசாமாவின் நம்பர் அவள் போனில் இருந்தது. 'அவரப் போயிப் பாரு தம்பி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த நேரத்தில் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள்? யாரோ வீட்டுக் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை கோபமா என்று கேட்டாள். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

நாற்பது நாளாக அவள் அல்லாவிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அவர் என்மேல் கோபத்தோடு போகவில்லை என்று எப்படியாவது எனக்குக் காட்டிக் கொடு என்று கேட்டாள். காட்டிக் கொடுத்துவிட்டான். இப்போது அவளுக்குத் தோன்றியது வேறு. யா அல்லாஹ், அது வெறும் கோபமாகவே இருந்திருக்கக் கூடாதா? கோபித்துக்கொண்டு ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பார், அடுத்த லீவுக்கு வராமல் இருந்திருப்பார், உயிரோடு இருந்திருப்பாரே!

வெகுநேரம் அழுதாள். வராந்தாவில் நாகநாதன் தொண்டையைச் செருமினார். "தங்கச்சி, நான் இன்னொரு நாள் வாரேன்."

"இல்லண்ணே" என்று முகத்தைத் துடைத்தாள். "அவுக எடுக்காம விட்டது. இன்னைக்கே எடுத்துருவோம்."

ஒவ்வொன்றாக எடுத்தார்கள். சும்மா போகுமா அவை? தேடுகிற பட்டை, 'ஏன் போகச் சொல்கிறீர்கள்' என்று கேட்டது. தள்ளுபடிக்காரன், 'சில அமைப்புகளை மட்டும் வைத்துக்கொள்கிறேன்' என்று அவனாகவே ஒரு டிக்கைப் போட்டுக்கொண்டு நின்றான். மெஹருன்னிசா அந்த டிக்கை எடுத்துவிட்டு அடுத்ததுக்குப் போனாள். பிரௌசரில் ஒட்டிக்கொண்டிருந்த நீட்சிகளை நீக்கினாள். கண்ட கண்ட தளங்களுக்கெல்லாம் அறிவிப்பு அனுப்ப அனுமதி இருந்தது, அத்தனையையும் ரத்து செய்தாள். தேடுபொறியைப் பழையபடி மாற்றினாள்.

"முன்னாடி மொதப் பக்கமா என்ன இருந்துச்சு தங்கச்சி?"

"தோஹா மணிண்ணே."

 அதை எப்படி வைப்பது என்பதை மட்டும் நாகநாதன் சொன்னார், இவள் வைத்தாள்.

"நல்லா செஞ்சீங்க. இனிமே நெட்டப் போடலாம். உள்ள ஆழத்துல ஏதும் ஒளிஞ்சிருக்கான்னு நான் ஒருக்கப் பாத்துர்றேன். பாய் ரிமோட்ல வருவாருல்ல, அந்த மென்பொருள் இருக்கும். அதத் தொறந்து நம்பரச் சொல்லுங்க, இங்கன என் லேப்டாப்ல இருந்தே வந்து பாத்துக்கிறேன். ரெண்டு நிமிச வேலை."

ஒன்பது எண்ணையும் பார்க்காமலே சொன்னாள். சம்மதமா என்று பெட்டி வந்தது, பழக்க தோஷத்தில் கை தானாகப் போய்த் தட்டிவிட்டது.

அவள் கை எடுத்த பிறகு அம்புக்குறி அசைந்தது.

 ஆறு வாரத்துக்கு அப்புறம், வெள்ளிக்கிழமை, அதே திரையில், அதே அம்புக்குறி தானாக நடக்கிறது. "மச்சான்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். அது விறுவிறுவென்று மூலைக்குப் போய், சுற்றாமல், ஒரே தட்டில் ஒரு பெட்டியைத் திறந்தது. அடுத்ததையும் அப்படியே திறந்தது. வேற்று மனிதரின் கை. வெளியே ஐந்தடி தள்ளி உட்கார்ந்து, நல்ல மனசோடு அவளுக்கு உதவி செய்கிற கை.

"அண்ணே, வேணாம்ணே, வெளிய போயிருங்க!" என்று கத்தினாள். "அது அவுக வார இடம்ணே. வேற யாரும் வரவேணாம்."

அம்புக்குறி உடனே நின்றது. "போயிட்டேன் தங்கச்சி. போயிட்டேன்மா, மன்னிச்சிருங்க" என்றார் நாகநாதன். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். "சொல்லாமப் போனா அது தப்பு. இந்த ரிமோட்ட சும்மா விட்டு வைக்கக் கூடாது. கண்டவன் நம்பரப் புடிச்சிக் கேப்பான், கை மறந்து சம்மதம் குடுத்திருவீங்க, இப்பக் குடுத்த மாதிரி. உபயோகம் இல்லாதத எடுத்துர்றதுதான் நல்லது."

"எடுக்காத மெஹரு" என்றாள் தாஜுன்னிசா தரையில் இருந்தபடியே. "அது கெடந்துட்டுப் போகுது."

மெஹருன்னிசா பட்டியலை மறுபடி திறந்தாள். அந்த மென்பொருள் வெகு கீழே இருந்தது, நாலு வருடத்துக்கு முந்திய தேதி. அவன் இதே அறையில், இதே கட்டிலில், அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போட்டது. கூட எதுவும் ஒட்டிக்கொண்டு வரவில்லை. அதன்மேல் அம்புக்குறியை வைத்து, நீக்கு என்பதைத் தட்டினாள். நிச்சயமாகத்தானா என்று ஒரு பெட்டி வந்து கேட்டது.

அம்புக்குறியை அந்தப் பொத்தானுக்குக் கொண்டுபோனாள். ஒரு சுற்றுச் சுற்றினாள். இரண்டாவது சுற்றில் பாதியில் நிறுத்தினாள். பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். தோஹா கடிகாரத்தில் ஒன்றரை மணி தாண்டியிருந்தது.

"ஆச்சா தங்கச்சி? ஏதும் நின்டுக்கிருச்சா?" என்று வெளியே நாகநாதன் கேட்டார். அவருக்குப் பஸ் பிடிக்க வேண்டும்.

"இல்லண்ணே" என்றாள் மெஹருன்னிசா. கண் திரையை விட்டு நகரவில்லை. "கொஞ்ச நேரம் இருக்கட்டும். அவசரமில்ல மச்சான், மெதுவா எடுங்க."

நாகநாதன் எழுந்தவர் மறுபடி உட்கார்ந்துகொண்டார்.  பாங்கு முடிந்தது. அம்புக்குறி மீதிப் பாதியையும் சுற்றி முடித்தது. "அஸ்ஸலாமு அலைக்கும் மச்சான்" என்று சொல்லிவிட்டுத் தட்டினாள்.